இங்கிலாந்துக்கு புதுசா வந்த நர்ஸ், சம்பளத்த எப்படி பிரிக்கிறது? ஊர்ல கடன் இருக்கு

குடியாத்தம்_பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊரு குடியாத்தம், வேலூர்ல நர்சிங் படிச்சு அங்கயே கொஞ்ச வருஷம் வார்டுல வேலை பாத்துட்டு செப்டம்பர் ஆரம்பத்துல இங்கிலாந்து வந்தேன். மிட்லண்ட்ஸ் பக்கம் ஒரு என்.எச்.எஸ் (அரசு சுகாதார சேவை) ஆஸ்பத்திரி, பேர் வேணாம். ஓஸ்கி (நர்ஸ் பதிவுக்கான செய்முறை தேர்வு) பாஸ் ஆயிடுச்சு, பதிவு பின் நம்பர் வந்துடுச்சு, இந்த மாசத்துல இருந்து பேண்ட் 5, அதாவது பதிவான நர்சோட ஆரம்ப சம்பள நிலை. வேலைய பத்தி பயம் இல்ல, நைட் டூட்டி எல்லாம் நமக்கு புதுசா என்ன. காசு விஷயம் தான் தலையும் புரியல வாலும் புரியல.

நிலவரம் இதான். கிளம்பறப்ப அம்மா நகைய பேங்க்ல வெச்சு நாலு லட்சம் எடுத்தோம், அது பத்தாம அப்பா தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட ரெண்டு லட்சம் ரெண்டு வட்டிக்கு வாங்கினாரு. அப்பா லுங்கி தறி, இப்ப வேலை முன்ன மாதிரி இல்ல. தம்பி இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம், அவன் ஃபீசும் இருக்கு. அதனால சம்பளம் வந்த அன்னைக்கே கையில இருக்கறத எல்லாம் அனுப்பிடலாம்னு தோணுது, ஆனா கூட வேலை செய்யற கேரளா பொண்ணு "அப்படி பண்ணாத, கையில கொஞ்சம் வெச்சுக்கோ" ன்னு சொல்றா, வார்டுல இன்னொருத்தர் பென்ஷன்ல இருந்து வெளிய வந்துடு காசு கூட வரும்னு சொல்றாரு, எதை கேக்கறது? பேஸ்லிப்ல பாதி என்னன்னே தெரியல, ஆஸ்பத்திரி குவாட்டர்ஸ்ல இன்னும் கொஞ்ச நாள் தான் இருக்கலாம் அப்புறம் ரூம் பாக்கணும். ஊர்ல இருக்கற சேவிங்ஸ் அக்கவுண்ட்லயே பணம் போடலாமா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பாகாயம்_டு_பர்மிங்காம்

தங்கச்சி, மொதல்ல வாழ்த்து, ஓஸ்கி முடிஞ்சாலே பாதி கண்டம் தாண்டின மாதிரி.

கடன், நகை எல்லாத்தையும் ஒரு ஓரமா வெச்சுட்டு பேஸ்லிப்ப எடு. அதுல டாக்ஸ் கோட்னு ஒன்னு இருக்கும். 1257எல் ன்னு இருந்தா சரி. அது பக்கத்துல எம்1 ன்னு ஒட்டிகிட்டு இருந்தா எமர்ஜென்சி கோடு, பி.ஆர் ன்னு இருந்தா இன்னும் மோசம். ஏன்னு சொல்றேன். இங்க வருஷத்துக்கு 12,570 பவுண்டு வரைக்கும் வரி கிடையாது, வருஷம் ஏப்ரல் 6ல ஆரம்பிக்கும். நீ செப்டம்பர்ல வந்தாலும் அந்த முழு 12,570ம் உனக்கு உண்டு, பாதி வருஷம்னு வெட்ட மாட்டாங்க. ஆனா எம்1 போட்டா கம்ப்யூட்டர் அந்தந்த மாசத்து பங்க மட்டும் கழிக்கும், நீ வராத அஞ்சு மாசத்து பங்கு அப்படியே நின்னுடும். கணக்கு போட்டு பாரு, அஞ்சு மாசத்துக்கு 5,237 பவுண்டு, அதுல 20 சதவீதம்னா 1,047 பவுண்டு. அது உன் காசு! பி.ஆர் ன்னா விலக்கே இல்லாம மொத்தத்துக்கும் 20 புடிப்பாங்க, மாசம் 209 பவுண்டு கூட போகும். சேரும்போது ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட்னு ஒரு ஃபார்ம் குடுத்திருப்பாங்க, இந்த ஏப்ரலுக்கு அப்புறம் இதான் முதல் வேலைன்னு அதுல டிக் பண்ணியா? பண்ணலன்னா பேரோலுக்கு (சம்பளப் பிரிவு) மெயில் போடு, எச்.எம்.ஆர்.சி (வரித்துறை) ஆப்லயும் அக்கவுண்ட் ஆரம்பிச்சு கோட பாத்துக்கலாம். சரி பண்ணிட்டா இதுவரைக்கும் கூட புடிச்சது அடுத்த சம்பளத்துல திரும்ப வரும், மீதி அடுத்தடுத்த மாசங்கள்ல வரி கம்மியா புடிச்சு ஈடாயிடும். எங்க வார்டுல புதுசா வர புள்ளைங்கள்ல பாதி பேர் இத பாக்கறதே இல்ல, டாக்ஸ் இங்க ஜாஸ்தி போலன்னு நெனச்சுட்டு போய்டுதுங்க.

இப்ப சம்பளம். 2025-26ல பேண்ட் 5 ஆரம்பம் 31,049 பவுண்டு. மாசத்துக்கு 2,587. பென்ஷன் 8 சதவீதம் சொச்சம், டாக்ஸ், நேஷனல் இன்சூரன்ஸ் 8 சதவீதம் எல்லாம் போக கைக்கு ஏறக்குறைய 1,980 வரும். நைட்டு, சனிக்கிழமைக்கு 30 சதவீதம், ஞாயித்துக்கிழமைக்கு 60 சதவீதம் கூட உண்டு, அத கணக்குல சேக்காத, ரோட்டா (டூட்டி அட்டவணை) மாசா மாசம் மாறும்.

ரூமு 550, சாப்பாடு 180, பஸ்சு போனு எல்லாம் சேத்து 900க்குள்ள முடிச்சுடலாம். மீதி ஆயிரம் சொச்சம். என் யோசனை, ஊருக்கு 500 அனுப்பு, மீதிய இங்க தனி சேவிங்ஸ்ல போடு, மூணு மாச செலவு சேர்ற வரைக்கும் அத தொடாத. அப்புறம் ஊருக்கு எவ்வளவு வேணா அனுப்பு. ஏன் சொல்றேன்னா நாம விசாவுல இருக்கோம், ஸ்பான்சர் வேலை போனா இன்னொன்னு தேட 60 நாள் தான் குடுப்பாங்க, அரசாங்க உதவித்தொகையும் நம்ம விசாவுக்கு கிடையாது. ஊர்ல யாருக்காவது உடம்பு சரியில்லன்னா அன்னைக்கே டிக்கெட் போடணும், அது ஆஃபர் விலையில கிடைக்காது. அப்ப நீ யார்கிட்ட கேப்ப?

காட்பாடி_ரிட்டயர்டு

மேல சொன்ன அம்மா நல்லா விளக்கிட்டாங்க. நான் பேங்க்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன், இந்தியா பக்கத்து கணக்க மட்டும் சொல்றேன்.

அம்மாடி, உன் பழைய சேவிங்ஸ் அக்கவுண்ட்ட அப்படியே ஓட்டாத. வெளிநாட்டுக்கு வேலைக்கு போனதும் ஃபெமா (அந்நியச் செலாவணி) சட்டப்படி நீ என்.ஆர்.ஐ (வெளிநாடுவாழ் இந்தியர்), அந்த அக்கவுண்ட்ட என்.ஆர்.ஓ வா மாத்தணும். அதோட என்.ஆர்.ஈ ஒன்னு புதுசா திறந்துக்கோ. அங்க சம்பாதிச்சு அனுப்பறது என்.ஆர்.ஈல வரணும், அதோட வட்டிக்கு இந்தியால வரி இல்ல, எப்ப வேணா திரும்ப பவுண்டா எடுத்துட்டு போகலாம். ஊர்லயே வர்ற வாடகை, பழைய எஃப்.டி வட்டி இதெல்லாம் என்.ஆர்.ஓ. அதுல வட்டிக்கு 30 சதவீதம் செஸ்சோட டி.டி.எஸ் புடிப்பாங்க, ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கறதால காகிதம் குடுத்தா 15 ஆ குறைக்கலாம். ஒரு விஷயம் பலபேர் கவனிக்கறதில்ல, என்.ஆர்.ஈ வட்டி இந்தியால தான் வரி விலக்கு, நீ குடியிருக்கற நாட்டுல அது வருமானம் தான். பி.பி.எஃப் ஏற்கனவே இருந்தா முடியற வரைக்கும் கட்டலாம், புதுசா ஆரம்பிக்க முடியாது.

வீட்டுச் செலவுக்கு அப்பா அக்கவுண்டுக்கு நேரா அனுப்பறதுல தப்பில்ல, மகள் அப்பாவுக்கு குடுக்கற பணத்துக்கு அவருக்கு வரி வராது.

கடன்ல எத முதல்ல அடைக்கறதுன்னு கேட்டா, யோசிக்கவே வேணாம், ரெண்டு வட்டிக்கடன். ரெண்டு லட்சத்துக்கு மாசம் நாலாயிரம், வருஷத்துக்கு 24 சதவீதம், அசல் ஒரு ரூபா குறையாது. நகைக்கடன் பேங்க்ல அதுல பாதி வட்டி கூட இருக்காது. நகை லாக்கர்ல தூங்கட்டும், ஆனா கெடு தேதி எப்பன்னு அப்பாவ கேட்டு எழுதி வெச்சுக்கோ, பெரும்பாலும் வருஷத்துக்கு ஒருமுறை வட்டி கட்டி புதுப்பிக்கணும், விட்டா ஏலம் நோட்டீஸ் வரும். அதனால அந்த பர்மிங்காம் அம்மா சொன்ன டாக்ஸ் பணம் 1,047 பவுண்டு வர வர சேவிங்ஸ்ல போடாத, நேரா அந்த ரெண்டு வட்டி கைமாத்துக்கு அனுப்பு. 24 சதவீத கடன வெச்சுகிட்டு 4 சதவீதத்துக்கு சேத்து வெக்கறது என்ன கணக்கு? கட்டும்போது அப்பா கைல நோட்ட குடுத்து அனுப்பாம அக்கவுண்ட் வழியா கட்ட சொல்லு, புரோநோட்ட திருப்பி வாங்கிக்க சொல்லு.

பாகாயம்_டு_பர்மிங்காம்

சார் வட்டி கணக்கு சரிதான், இல்லன்னு சொல்லல. ஆனா கையில சல்லி இல்லாம வெளிநாட்டுல நிக்கறவளுக்கு திடீர் செலவு வந்தா கிரெடிட் கார்டுல தான் போவா, இங்க அது 24க்கும் மேல. ரீஃபண்ட பாதி பாதியா பிரிச்சுக்கட்டும்.

காட்பாடி_ரிட்டயர்டு

சரிம்மா, பாதி பாதி. கைமாத்து கடன் ஆறு மாசத்த தாண்டக்கூடாது, அவ்வளவுதான் நான் கேக்கறது.

ஆற்காட்டு_மக்கன்பேடா

இன்னாமா எல்லாரும் ரொம்ப பயமுறுத்திகினு கீறீங்க. நான் கத்தார்ல எட்டு வருஷம் இருந்தேன், வந்த காச வந்த அன்னிக்கே ஊருக்கு அனுப்பிட்டேன், அதுல தான் ராணிப்பேட்டை பக்கம் மனை வாங்கினேன், இன்னிக்கு அது எங்கியோ போய்ட்சி. பென்ஷன்லாம் இன்னாத்துக்கு, அந்த பொண்ணு அறுபத்தெட்டு வயசு வரைக்கும் அங்கயே இருக்க போவுதா? அதுலேர்ந்து வெளிய வந்துட்டு அந்த காசுல மாசா மாசம் மனைக்கு தவணை கட்டலாம். காசு அங்க இருந்தா அங்கயே செலவாயிடும், அதான் என் அனுபவம்.

பாகாயம்_டு_பர்மிங்காம்

அண்ணே, கத்தார்ல சம்பளத்துக்கு வரி கிடையாது, கம்பெனி ரூம் குடுக்கும், நம்ம ஆளுங்களுக்கு பென்ஷனும் கிடையாது. அந்த கணக்கு இங்க ஒத்து வராது.

மாசம் பென்ஷனுக்கு போறது 214 பவுண்டு. வெளிய வந்தா அந்த 214ம் கைக்கு வராது, வரி கட்டி 170 சொச்சம் தான் வரும். விடற பக்கம் என்னன்னு பாருங்க, ஆஸ்பத்திரி நம்ம சம்பளத்துல 23.7 சதவீதம் அவங்க பங்கா போடுது. ஒவ்வொரு வருஷம் வேலை செஞ்சதுக்கும் அந்த வருஷ சம்பளத்துல 54ல ஒரு பங்கு ஆயுசுக்கும் வருஷா வருஷம் பென்ஷனா சேரும், விலைவாசிக்கு ஏத்த மாதிரி அதுவும் ஏறும். பணியில இருக்கும்போது ஏதாவது ஆச்சுன்னா வீட்டுக்கு ரெண்டு வருஷ சம்பளம். குடும்பமே இவள நம்பி இருக்கும்போது இத விட சல்லிசான இன்சூரன்ஸ் எங்க கிடைக்கும்? சேர்ந்து ரெண்டு வருஷத்துக்குள்ள ஊருக்கே போய்ட்டா கட்டின பணத்த வாங்கிக்கலாம், அதுக்கு மேல ஆனா வாங்க முடியாது, வயசான அப்புறம் பென்ஷனா தான். அதனால தங்கச்சி, ரெண்டு வருஷம் ஆகறப்ப ஒருதரம் உக்காந்து யோசி, இப்ப தொடாத. அரசாங்க ஸ்டேட் பென்ஷன் வேற கதை, அதுக்கு குறைஞ்சது பத்து வருஷம் நேஷனல் இன்சூரன்ஸ் கட்டியிருக்கணும்.

குடியாத்தம்_பொண்ணு

அக்கா, சார், அண்ணா எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். பேஸ்லிப்ல எம்1 ன்னு தான் இருக்கு, பாத்ததும் வயிறு எரிஞ்சுது, பேரோலுக்கு மெயில் போட்டுட்டேன். அப்பாகிட்ட கைமாத்து கடன முதல்ல அடைக்கலாம்னு சொன்னேன், அம்மா தான் நகைய முதல்ல திருப்புன்னு ஒரே புடி, கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க கழுத்துல ஒன்னும் இல்லாம எப்படி நிக்கறதுன்னு. அம்மா பக்கமும் நியாயம் இருக்கு, என்ன சொல்றதுன்னு தெரியல.

இன்னொன்னு கேக்கணும். சித்தப்பா முறை ஒருத்தரு, "பவுண்டுல வருது இல்ல, ஒரு லட்சம் போட்டா மாசம் அஞ்சாயிரம் தர்ற எடம் தெரியும், அதுலயே நகைக்கு வட்டி கட்டிடலாம்" னு அப்பாவ புடிச்சுகிட்டு இருக்காரு. அப்பா ஊசலாடறாரு. ரூம் விஷயமும் யாராவது சொல்லுங்க, கிரெடிட் ஸ்கோர் இல்லன்னு ரெண்டு எடத்துல வேணாம்னுட்டாங்க.

காட்பாடி_ரிட்டயர்டு

லட்சத்துக்கு மாசம் அஞ்சாயிரம்னா வருஷத்துக்கு 60 சதவீதம். எந்த பேங்க்கும், எந்த யாவாரமும் அத நியாயமா தர முடியாது. அப்பாவுக்கு ஞாபகப்படுத்து, 2022ல நம்ம வேலூர், ஆரணி, காஞ்சிபுரம் பக்கம் இப்படித்தான மாசா மாசம் தர்றோம்னு சொன்ன நிதி நிறுவனங்க வரிசையா மூடினது, பொருளாதார குற்றப்பிரிவு ஆபீஸ் வாசல்ல ஜனங்க காகிதத்தோட நின்னது. முதல் ரெண்டு மூணு மாசம் சரியா வரும், அது பின்னால சேர்றவங்க போட்ட பணம். வட்டி வருதேன்னு இவர் நாலு பேர சேத்து விடுவாரு, அப்புறம் அந்த நாலு பேரும் உங்க வீட்டு வாசல்ல தான் வந்து நிப்பாங்க. சித்தப்பா பேச்ச நான் சொன்னேன்னே சொல்லி நிறுத்து. தெருவுல புடிக்கற சீட்டும் அதே மாதிரி பதிவு இருக்கான்னு பாத்துட்டு தான், 1982ம் வருஷத்து சீட்டு நிதி சட்டம்னு இருக்கு, பதிவு பண்ணாத சீட்டு ஓடிப்போனா போலீஸ்ல எழுதிக்குடுத்து அலையறது தான் மிச்சம்.

நகை விஷயம். மொத்த நகையும் ஒரே கடனா இருக்கா, தனித்தனி ரசீதா இருக்கான்னு கேளு. தனித்தனியா இருந்தா தாலிச்செயின், ஒரு ஜோடி வளையல் இருக்கற சின்ன கடன மட்டும் அம்மாவுக்காக முதல்ல திருப்பிடு. சிரசு வைகாசி ஒண்ணாம் தேதி தானே, நாள் இருக்கு.

லெஸ்டர்_மச்சான்

ரூம் விஷயம் நான் சொல்றேன் சிஸ்டர், சத்துவாச்சாரிக்காரன், இங்க வந்து எல்லா விதமான வீட்டுக்காரனையும் பாத்தாச்சு.

ஊர்ல இருந்த சிபில் ஸ்கோர் இங்க செல்லாது, நீங்க இப்ப வெள்ளத்தாள். எழுத ஆரம்பிக்க சுலபமான வழி ஓட்டர் லிஸ்ட்ல பேர் சேக்கறது. ஆமா, ஓட்டர் லிஸ்ட் தான். இந்திய பாஸ்போர்ட்டா இருந்தாலும் நாம காமன்வெல்த், இங்க குடியிருந்தா பேர் சேக்கலாம், ஓட்டும் போடலாம். ஆன்லைன்ல அஞ்சு நிமிஷ வேலை. எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் மூணும் அத பாத்து தான் இந்த அட்ரஸ்ல இந்த ஆள் இருக்கான்னு நம்பும். அப்புறம் சிம்ம மாசாந்திர கான்ட்ராக்டா வாங்குங்க, அதுவும் ஸ்கோர்ல ஏறும். கிரெடிட் கார்டு சின்ன லிமிட்ல ஒன்னு எடுத்து வாராந்திர மளிகைக்கு மட்டும் தேய்ச்சுட்டு முழு பாக்கியும் டைரக்ட் டெபிட்ல போற மாதிரி போட்டுடுங்க, மினிமம் கட்டறது கூடவே கூடாது, ஏ.டி.எம்ல கார்டு போட்டு நோட்டு எடுக்கவே கூடாது, அன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிச்சுடும். ஒரே வாரத்துல நாலு கார்டுக்கு அப்ளை பண்ணா ஒவ்வொன்னும் ரெக்கார்டுல விழும், அதுக்கு முன்னாடி எலிஜிபிலிட்டி செக் மட்டும் பண்ணி பாருங்க, அது ஸ்கோர தொடாது.

டெபாசிட் சட்டப்படி அஞ்சு வார வாடகைக்கு மேல கேக்க கூடாது. மாசம் 550ன்னா 634 பவுண்டு தான் உச்சம். அத வாங்கின 30 நாளுக்குள்ள டெபாசிட் புரொடெக்ஷன் ஸ்கீம்ல போட்டு உங்களுக்கு காகிதம் குடுக்கணும். ஆனா வீட்டுக்காரர் அதே வீட்டுல கூட இருந்து உங்களுக்கு ஒரு ரூம் விட்டா நீங்க லாட்ஜர், அதுக்கு இந்த ஸ்கீம் பொருந்தாது, நம்மாளுங்க வீடு பெரும்பாலும் அப்படி தான் இருக்கும், அதனால குடுக்கற ஒவ்வொரு பவுண்டுக்கும் எழுத்துல வாங்கிக்கோங்க. வீட்ட நேர்ல பாக்காம யாருக்கும் பணம் அனுப்பாதீங்க. "நான் இப்ப ஸ்காட்லாந்துல இருக்கேன், டெபாசிட் போடுங்க சாவிய கூரியர்ல அனுப்பறேன்" னு ஒருத்தன் இருப்பான், அவன் எல்லா ஊர்லயும் இருப்பான். ஸ்கோர் இல்லன்னு சொல்றவங்ககிட்ட ஆஸ்பத்திரி குடுத்த ஆஃபர் லெட்டரும் மூணு பேஸ்லிப்பும் காட்டுங்க, என்.எச்.எஸ் நர்சுன்னா முக்கால்வாசி பேர் மடங்கிடுவாங்க.

ரூம்னா கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வீட்டு வரி) வாடகைல சேந்துச்சான்னு கேட்டுக்கோங்க. தனி வீடா எடுத்து ஒத்தையா இருந்தா 25 சதவீதம் தள்ளுபடி உண்டு, அது விசாவுக்கு எந்த பிரச்சனையும் பண்ணாது. டிவி லைசென்ஸ்னு சிவப்பு எழுத்துல லெட்டர் வரும், பயப்படாதீங்க, டிவி லைவா பாத்தாலோ பி.பி.சி ஐபிளேயர் பாத்தாலோ தான் வேணும். ஆனா போன்ல சன் டிவிய லைவா பாத்தாலும் கணக்கு அதே தான், சீரியல மறுநாள் பாத்தா வேணாம். என்ன சட்டமோ போங்க.

பணம் அனுப்ப, ஃபீஸ் இல்லன்னு விளம்பரம் பாத்து ஏமாறாதீங்க, ரேட்டுல புடிச்சுடுவாங்க. 500 பவுண்டு போட்டா கடைசியா குடியாத்தத்துல எத்தன ரூபா எறங்குதுன்னு ரெண்டு மூணு ஆப்ல ஒரே நேரத்துல பாருங்க, அதுல எது ஜாஸ்தியோ அது.

பாகாயம்_டு_பர்மிங்காம்

மறந்தே போச்சு, என்.எம்.சிக்கு (நர்ஸ் பதிவு கவுன்சில்) 2025-26ல வருஷம் 120 பவுண்டு கட்டறோம்ல, அதுக்கும் யூனிஃபார்ம் துவைக்கறதுக்கு 125 பவுண்டுக்கும் வரி விலக்கு கேக்கலாம். எச்.எம்.ஆர்.சி சைட்ல நாமளே போடலாம், கமிஷன் கேக்கற கம்பெனிங்க விளம்பரத்த க்ளிக் பண்ணாத. அம்பது பவுண்டு தான் வரும், இருந்தாலும் வருஷா வருஷம் வரும். ரிலொகேஷன் பணம், ஓஸ்கி ஃபீசு ஆஸ்பத்திரி போட்டிருந்தா எத்தன வருஷத்துக்குள்ள வேலைய விட்டா எவ்வளவு திருப்பி குடுக்கணும்னு கான்ட்ராக்ட்ல பாத்து வெச்சுக்கோ.

ஆற்காட்டு_மக்கன்பேடா

சரி சரி, பென்ஷன் விஷயத்துல நான் வாபஸ். மனை விஷயத்துல இல்ல 😄 கடன் முடிஞ்சதும் சொல்லுமா, பட்டா, வில்லங்கம்லாம் நான் பாத்து தர்றேன், தரகு வேணாம்.

வாணியம்பாடி_வசந்தம்

நடுவுல பூந்ததுக்கு மன்னிக்கவும், எங்க வீட்டம்மா ஜனவரில நர்சா போறாங்க, நான் டிபென்டென்டா (குடும்ப விசாவுல) கூட போகலாமா, போனா வேலை செய்யலாமா? இங்க ஷூ கம்பெனில சூப்பர்வைசரா இருக்கேன். சென்னைல ஒரு ஏஜென்ட் நர்ஸ் வேலைக்கே மூணு லட்சம் கேக்கறான்.

பாகாயம்_டு_பர்மிங்காம்

நர்சுக்கு டிபென்டென்ட் உண்டு தம்பி, கேர் ஒர்க்கருக்கு தான் 2024 மார்ச்சுல நிறுத்திட்டாங்க. உங்க விசாவுல வேலை செய்யலாம், ஸ்பான்சர் தேவையில்ல. வந்ததும் நேஷனல் இன்சூரன்ஸ் நம்பருக்கு அப்ளை பண்ணிடுங்க, நம்பர் வர்றதுக்கு முன்னாடியே வேலைல சேரலாம். ஏஜென்ட்டுக்கு ஒரு பைசா குடுக்காதீங்க, வேலை வாங்கி குடுக்க நர்ஸ்கிட்ட காசு வாங்க கூடாதுன்னு இங்க கோட் ஆஃப் பிராக்டிஸ்லயே இருக்கு, ஆஸ்பத்திரி தான் அவனுக்கு குடுக்கும். என்.எச்.எஸ் ஜாப்ஸ் சைட்ல அவங்களையே நேரா அப்ளை பண்ண சொல்லுங்க. மத்தத தனி த்ரெட்டா போடுங்க.